டயாலிசிஸ் நோயாளியின் கால்: ரத்த ஓட்டக் குறைவைக் கண்டுபிடிப்பது முதல் காலைக் காப்பாற்றுவது வரை

டயாலிசிஸ் யூனிட்டில் எல்லோருடைய கண்ணும் கையில்தான் இருக்கும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) அதிர்கிறதா, ஊசி சரியாக இறங்கியதா, பிபி எவ்வளவு, போன தடவைக்கு இந்தத் தடவை எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, இதெல்லாம் பார்ப்பார்கள். கால் போர்வைக்குள் கிடக்கும். நான்கு மணி நேரம் கழித்து மெஷினை எடுத்ததும் போர்வையிலிருந்து நேராகச் செருப்புக்குள் போய்விடும். வாரம் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு மனிதரின் பாதத்தை மாதக்கணக்கில் யாருமே பார்க்காமல் இருப்பது இப்படித்தான் நடக்கிறது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் நாள் என்றால் பாதம் பார்க்கிற நாள் என்று வீட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கால் வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் டயாலிசிஸ்காரர்களில் நிறையப் பேருக்குக் கால் வலிக்கவே வலிக்காது, நேராகப் புண்தான் வரும். நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்குப் பல வருடமாக டயாலிசிஸ், கூடவே சர்க்கரை, கூடவே இந்தக் கால் பிரச்சினை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் நெஃப்ராலஜிஸ்டை, அதாவது சிறுநீரக டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். எதைப் பார்ப்பது, எப்போது ஓடுவது, போய் என்ன கேட்பது என்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் இரண்டு விதமான கோளாறு சேர்ந்து நடக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, குழாயின் உட்பக்கம் கொழுப்புப் படிந்து வழி குறுகுவது. சர்க்கரை, பீடி சிகரெட், ரத்தக்கொதிப்பு, வயது எல்லாம் இதைத் தூண்டும். இரண்டாவது சிறுநீரகம் கெட்டவர்களுக்கே உரியது மாதிரி அதிகமாக வருவது. ரத்தத்தில் பாஸ்பரஸ் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும், அது கால்சியத்தோடு சேர்ந்து குழாய்ச் சுவரின் நடு அடுக்கிலேயே சுண்ணாம்பாகப் படியும். உப்புத் தண்ணீர் ஓடிய பழைய இரும்புக் குழாய் எப்படி இறுகிப்போகிறதோ அப்படி ரத்தக்குழாய் விறைத்துப்போகும். பாதத்தை எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்குப் பக்கத்தில் ரத்தக்குழாயே வெள்ளைக் கோடாகத் தெரிகிற அளவுக்குச் சிலருக்கு இது இருக்கும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய குழாய்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன.

மூன்றாவதாக, டயாலிசிஸே ஒரு காரணம். நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் தண்ணீரை உறிஞ்சினால் பிபி இறங்கும், உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும், கடைசியில் பட்டினி கிடப்பது கால் விரல்கள். டயாலிசிஸ் ஓடும்போது பாதத்தோலில் ஆக்சிஜன் இறங்குவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே குறுகிய குழாய் இருப்பவருக்கு வாரம் மூன்று நாள் இது நடக்கிறது.

முதல் படி: சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்

டயாலிசிஸுக்குக் கிளம்பும் முன்போ வந்த பிறகோ, எது வசதியோ அது, நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து இரண்டு பாதத்தையும் மடியில் தூக்கி வைத்துப் பாருங்கள். அவர்களாகவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். சர்க்கரையால் கண் மங்கியிருக்கும், குனிய முடியாது, குனிந்தாலும் உள்ளங்கால் தெரியாது. தனியாக இருப்பவர்கள் தரையில் ஒரு கண்ணாடியைப் போட்டு அதன் மேல் பாதத்தைக் காட்டிப் பார்க்கலாம்.

பார்க்கும் வரிசை எனக்கு இப்படி. முதலில் விரல் நுனிகள், நகத்தின் ஓரங்கள். பிறகு ஒவ்வொரு விரல் இடுக்கையும் விரித்து மொபைல் டார்ச் அடித்துப் பார்ப்பேன், முக்கியமாக சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், ஏனென்றால் சேற்றுப்புண் வெள்ளையாக ஊறிக்கொண்டு அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் உள்ளங்கால். கால் ஆணிக்கு அடியில் கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, புண் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாகக் குதிகாலின் பின்பக்கம். இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டயாலிசிஸ் கட்டிலில் நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கும்போது முழுக் காலின் பாரமும் அந்த ரூபாய் நாணயம் அளவு இடத்தில் இறங்குகிறது. அங்கே முதலில் ஒரு சிவப்பு, பிறகு தண்ணீர்க் கொப்புளம், பிறகு கறுப்புத் தழும்பு மாதிரி வரும். ரத்த ஓட்டம் இல்லாத குதிகால் புண் ஆறுவது மகா கஷ்டம்.

பெண்களுக்கு மெட்டியைப் பாருங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் கால் வீங்கும்போது மெட்டி இறுக்கி, விரலைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், வீக்கம் இறங்கிய பிறகு பார்த்தால் தெரியாது. அம்மாவிடம் மெட்டியைக் கழற்றச் சொல்வது சின்ன விஷயம் இல்லை, அது எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் தளர்வான, திறந்த வளையமாக மாற்றிவிடுங்கள்.

முடி உதிர்ந்து கால் பளபளப்பாக இருப்பது, தோல் மெலிந்துபோவது, நகம் தடித்து வளராமல் இருப்பது, ஒரு கால் மட்டும் மற்றதைவிடச் சூம்பியிருப்பது, இதெல்லாம் ரத்தம் நாளாகக் குறைந்துகொண்டிருப்பதன் அடையாளங்கள். வாரம் ஒருமுறை இரண்டு பாதத்தையும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். டாக்டர் "இது எப்போதிலிருந்து?" என்று கேட்கும்போது ஞாபகத்தைவிடப் படம் நன்றாகப் பேசும்.

இரண்டாம் படி: தொட்டும் தூக்கியும் பாருங்கள்

உங்கள் கையின் பின்பக்கத்தால் முழங்காலிலிருந்து விரல் வரை இரண்டு காலையும் தடவிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சட்டென்று சில்லிட்டால், அதுவும் ஒரு காலில் மட்டும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெருவிரல் நுனியை ஐந்து நொடி அழுத்தி விட்டுப்பாருங்கள், வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஏசி அறையில் பார்த்தால் எல்லோருக்கும் தாமதமாகத்தான் வரும், அதனால் வீட்டில் பாருங்கள்.

அடுத்தது படுக்கவைத்து இரண்டு காலையும் பாதி உயரத்துக்குத் தூக்கிப் பிடிப்பது. ஒன்றிரண்டு நிமிடம். ரத்தம் குறைந்த பாதம் வெளிறிப்போகும், உள்ளங்காலில் இது நன்றாகத் தெரியும். பிறகு எழுந்து உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் அதே பாதம் செம்பருத்தி நிறத்துக்குச் சிவக்கும். இங்கேதான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது. நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "கால் நல்லா செவ்வச்செவேல்னு இருக்கு, ரத்தம் நல்லா ஓடுது" என்று வீட்டில் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். தொங்கவிட்டால் சிவந்து, தூக்கினால் வெளிறுகிற கால், ரத்தத்துக்கு ஏங்குகிற கால்.

பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருந்து மேலே போகும் வரியில் ஒரு நாடி, உள்கணுக்காலுக்குப் பின்னால் இன்னொன்று. பழகினால் தொட்டுப் பார்க்கலாம், வீக்கம் இருந்தால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம், முன்பு கிடைத்துக்கொண்டிருந்தது இப்போது இல்லை என்றால் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: எந்த வலி எதனால் என்று பிரித்துச் சொல்லுங்கள்

டயாலிசிஸ்காரர்கள் "கால் வலி" என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் ஐந்தாறு வேறு நோய்கள் இருக்கின்றன. டாக்டர் ரவுண்ட்ஸில் நம் கட்டிலருகில் நிற்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்குள் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிப் பிடித்து, நீவிவிட்டால், அல்லது தண்ணீர் எடுப்பதை நிறுத்தினால் விடுவது சதைப்பிடிப்பு. பெரும்பாலும் அதிகத் தண்ணீரை வேகமாக எடுப்பதால் வருவது, உலர் எடை (கூடுதல் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) சரிதானா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு பாதமும் ஒரே மாதிரி எரிவது, மதமதப்பு, ஊசி குத்துவது, செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாதது, இதெல்லாம் நரம்பு. ராத்திரி படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போலவும், எழுந்து நடந்தால் போய்விடுவதுமாக இருப்பது வேறு. அதுவும் சிறுநீரக நோயில் அதிகம், அதற்குத் தனி மருந்து.

நடக்கும்போது ஒரே தூரத்தில் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டு, மறுபடி அதே தூரத்தில் பிடித்தால் அதுதான் ரத்த ஓட்ட வலி. ஆனால் பாருங்கள், படுக்கையிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து ஆட்டோ என்று மட்டும் நடக்கிறவருக்கு இந்த வலி எங்கிருந்து வரும்? அந்தத் தூரத்தை அவர் நடப்பதே இல்லை. அதனால் "நடக்கும்போது வலிக்குதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் குழாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது.

ஓய்விலேயே, முக்கியமாக நடுராத்திரியில், பாதத்தின் முன்பக்கமும் விரல்களும் வலித்து, கட்டிலுக்குக் கீழே காலைத் தொங்கவிட்டால் குறைகிறது என்றால் நிலைமை முற்றிவிட்டது. இவர்கள் படுக்கையில் தூங்கமாட்டார்கள், நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கப் பழகியிருப்பார்கள். காலைத் தொங்கவிட்டே இருப்பதால் வீக்கம் வரும், வீக்கத்தைப் பார்த்து வீட்டில் "காலைத் தூக்கி வைங்க" என்போம், தூக்கினால் வலி தாங்காது. இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் அடுத்த டயாலிசிஸ் வரைகூடக் காத்திருக்காமல் போனில் சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் ஓட ஓட, பிபி இறங்க இறங்க, ஒரு பாதம் மட்டும் வலிக்க ஆரம்பிக்கிறது, சில்லிடுகிறது என்பதும் இதே கணக்குத்தான்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, கனமாக இருந்தால் அது வேறு பக்கத்துப் பிரச்சினை, சிரையில் ரத்தக்கட்டு. தொடையில் டயாலிசிஸ் குழாய் போட்டிருந்தவர்களுக்கு, அந்தப் பக்கத்துக் காலில் வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, அரிதுதான், ஆனாலும் சொல்ல வேண்டும். தொடை, இடுப்பு, வயிறு, கெண்டைக்கால் போன்ற இடங்களில் தோல் வலை பின்னியது போல ஊதா நிறமாகி, தொட முடியாத வலியோடு கட்டியாக இறுகி, பிறகு கறுத்துப் புண்ணாவது. பாத நாடி நன்றாக இருக்கும்போதே வரும். கால்சிபைலாக்ஸிஸ் என்பார்கள், மிகச் சிறிய குழாய்களில் சுண்ணாம்பு அடைத்துக்கொள்வது. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். அன்றைக்கே நெஃப்ராலஜிஸ்ட் பார்க்க வேண்டிய விஷயம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, வெளிறி, கடுமையாக வலித்து, மரத்துப்போய், விரலை அசைக்க முடியவில்லை என்றால் குழாய் முழுசாக அடைத்துவிட்டது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் வழி திறக்காவிட்டால் சதை செத்துப்போக ஆரம்பிக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக முடியுமா என்று கேளுங்கள்.

கறுத்த விரல் காய்ந்து இருந்த வரை ஒரு மாதிரி. அது நாற்றமடித்து, ஈரமாகி, சிவப்பு மேலே ஏறினால் அவசரம். டயாலிசிஸ்காரர்களுக்குக் காய்ச்சல் வராமலேயே சீழ் பரவும். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் குளிர் நடுக்கம் வந்தால் டயாலிசிஸ் குழாயை மட்டும் சந்தேகப்படாமல் காலையும் காட்டுங்கள்.

நான்காம் படி: டெஸ்ட் எடுக்கப் போகும்போது

முதலில் எழுதித் தருவது கணுக்கால் பிபி டெஸ்ட், ஏபிஐ என்று ரிப்போர்ட்டில் இருக்கும். கணுக்கால் பிபியைக் கை பிபியால் வகுப்பது. கையில் 150, கணுக்காலில் 90 என்றால் 0.6. 0.9-க்குக் கீழே வந்தால் குழாய் குறுகியிருக்கிறது, 1.0 முதல் 1.4 வரை சரி. இதைக் கட்டாயம் ஃபிஸ்டுலா இல்லாத கையில்தான் எடுக்க வேண்டும், டெக்னீஷியன் கஃப்பைச் சுற்றும்போதே சொல்லிவிடுங்கள்.

நம் ஆட்களுக்கு இந்த டெஸ்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சுண்ணாம்பு படிந்து விறைத்த குழாயைக் கஃப்பால் அமுக்கவே முடியாது. கணுக்காலில் 230 காட்டும், வகுத்தால் 1.5 வரும். 1.4-க்கு மேல் போனால் அந்த எண்ணை நம்ப முடியாது என்று அர்த்தம். இதைவிட மோசம், உள்ளே அடைப்பும் இருந்து சுவரும் விறைத்திருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று சரிக்கட்டி 1.1 என்று அழகான எண் வரும், ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். காலில் புண் இருக்கிறது, ரிப்போர்ட் நார்மல் என்றால் புண்ணை நம்புங்கள். "பெருவிரல் பிரஷர் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். விரலில் உள்ள சின்னக் குழாய்கள் அவ்வளவாக விறைப்பதில்லை. விரல் பிபியைக் கை பிபியால் வகுத்து 0.7-க்குக் கீழே வந்தால் குறைவு. விரல் பிபி 30-க்குக் கீழே என்றால் புண் தானாக ஆற வாய்ப்பு மிகக் குறைவு. இந்த வசதி எல்லா ஊரிலும் இருக்காது. இல்லாவிட்டால் ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள், அதில் அலை மூன்று கட்டமாக வருகிறதா, தட்டையாக வருகிறதா என்று எழுதியிருக்கும். தட்டை என்றால் மேலே எங்கேயோ அடைப்பு.

அடுத்தது ஆஞ்சியோ, ரத்தக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பது. இங்கே ஒரு பயம் எல்லோருக்கும் வரும், "சாயம் ஏற்றினால் கிட்னி கெட்டுடுமே?" என்று. டயாலிசிஸில் இருந்து சிறுநீரே போகாதவருக்குக் கெடுவதற்கு மிச்சம் இல்லை, அந்தக் காரணத்துக்காக ஆஞ்சியோவைத் தள்ளிப்போடக் கூடாது. தினமும் நல்ல அளவு சிறுநீர் போகிறவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அந்த மிச்சத்தைக் காப்பாற்றுவது முக்கியம், சாயத்தைக் குறைக்கவோ கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்துப் படம் எடுக்கவோ வழி இருக்கிறது. எம்ஆர்ஐ-யில் காடோலினியம் மருந்து போடுவதாக இருந்தால் டயாலிசிஸ் நோயாளி என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதில் பழைய வகை மருந்துகள் தோலையே இறுகச்செய்யும் ஒரு நோயைக் கொண்டுவந்தன. சிடி ஆஞ்சியோவில் சுண்ணாம்பு வெள்ளையாக மறைத்து முழங்காலுக்குக் கீழே தெளிவாகத் தெரியாமல் போகலாம், அதற்காக இன்னொரு படம் கேட்டால் கோபப்பட வேண்டாம்.

ஐந்தாம் படி: சிகிச்சை பேசும்போது

புண் இல்லை, நடக்கும்போது மட்டும் வலி என்றால் நடைதான் முதல் மருந்து. வலி வரும் வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடப்பது, ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதம். டயாலிசிஸ் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள், டயாலிசிஸ் முடிந்த அன்றைக்குத் தலைசுற்றும். இதயம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். பாதத்தில் புண் இருப்பவர் இப்படி நடக்கக் கூடாது.

பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் நிறுத்த வேண்டும். இதில் பேரம் இல்லை.

ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ கொடுப்பார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தொடரச் சொல்வார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு புதிதாகத் தொடங்குவதால் பெரிய பலன் இல்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருப்பதால் ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுப்பார், குழம்ப வேண்டாம். நடைவலிக்கு சிலோஸ்டசால் என்று ஒரு மாத்திரை உண்டு, இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்குக் கூடாது, அதனால் எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டாமல் அதை வாங்காதீர்கள். வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்குவதை விட்டுவிடுங்கள். நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபாலின், காபாபென்டின் இரண்டும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும், டயாலிசிஸ்காரருக்கு மற்றவர்களின் டோஸைக் கொடுத்தால் தூங்கி வழிவார், உளறுவார், தள்ளாடி விழுவார். எலும்பு டாக்டரோ நரம்பு டாக்டரோ எழுதினால், "டயாலிசிஸ் டோஸ்தானே சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

புண் வந்துவிட்டது அல்லது ராத்திரி வலி இருக்கிறது என்றால் வாஸ்குலர் சர்ஜனை (ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை டாக்டரை) பார்த்தே ஆக வேண்டும். இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ரத்தக்குழாய்ப் படம் எடுக்காமல் விரலை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கறுத்த விரலை வெட்டிவிடுவது சுலபம். வெட்டிய இடம் ஆறுவதற்கு ரத்தம் வர வேண்டுமே. வராவிட்டால் அந்த வெட்டே புதுப் புண்ணாகி, அடுத்த விரல், பாதி பாதம், முழங்கால் என்று மேலே ஏறிக்கொண்டே போகும். சீழ் பரவி உயிருக்கே ஆபத்து என்றால் முதலில் சீழை எடுக்கத்தான் வேண்டும், அது விதிவிலக்கு. மற்றபடி முதலில் வழி திறப்பது, பிறகு கத்தி. டயாலிசிஸில் இருந்துகொண்டு முழங்கால் அளவில் காலை இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டு ஆண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதை வெளிநாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வழி திறப்பது இரண்டு விதம். தொடையில் துளை போட்டு மெல்லிய கம்பியை விட்டு பலூனால் விரிப்பது ஒன்று. காலிலிருந்தே எடுத்த சிரையை வைத்து மாற்றுப்பாதை தைப்பது இன்னொன்று. டயாலிசிஸ்காரருக்குப் பெரும்பாலும் பலூனைத்தான் முதலில் யோசிப்பார்கள். முழங்காலுக்குக் கீழே விரித்த குழாய் சில மாதத்தில் மறுபடி குறுகுவது சகஜம், அதற்குள் புண் ஆறிவிட்டால் அதுவே வெற்றி. எனவே பலூன் செய்த பிறகுதான் புண் பராமரிப்பில் உயிரைக் கொடுத்து நிற்க வேண்டும். செய்யும் நாளைக் குறிக்கும்போதே அடுத்த டயாலிசிஸ் எப்போது என்று பேசிவிடுங்கள், யூனிட்டிலும் தொடையில் துளை போட்டதைச் சொல்லுங்கள், அன்றைக்கு ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரினைக் குறைத்தோ இல்லாமலோ ஓட்டுவார்கள்.

சிலருக்கு இதயம் தாங்காது, குழாய் திறக்க வழியே இருக்காது. அப்போது காய்ந்த விரலைக் காய்ந்தபடியே வைத்து, வலியைச் சரியாகக் கட்டுப்படுத்தி, நோயாளி என்ன விரும்புகிறார் என்று கேட்டு முடிவெடுப்பதும் சிகிச்சைதான். அவரைக் கேட்காமல் வராந்தாவில் உறவினர்கள் மட்டும் கூடி முடிவெடுக்காதீர்கள்.

ஆறாம் படி: டயாலிசிஸையே காலுக்குச் சாதகமாக மாற்றுவது

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறும் எடை குறைந்தால் எடுக்க வேண்டிய தண்ணீர் குறையும், பிபி விழாது, விரலுக்கு ரத்தம் போகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இரண்டரை கிலோவுக்குள் ஏற்றம் இருந்தால் நல்லது. மணிக்கு, கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் தண்ணீர் எடுக்காமல் இருப்பது நல்லது என்று ஒரு கணக்கு இருக்கிறது. 60 கிலோவுக்கு நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் சொச்சம். அதைவிட அதிகம் எடுக்க வேண்டி வந்தால் அரை மணி நேரம் கூட்டி ஓட்ட முடியுமா என்று கேளுங்கள். தண்ணீரைக் குறைக்க உப்பைக் குறைக்காமல் முடியாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் சாப்பிட்டுவிட்டு "தண்ணி குடிக்காதே" என்று அதட்டுவதில் பயன் இல்லை. பிபி விழுகிறவருக்கு டயாலிசிஸ் திரவத்தின் சூட்டை 36 டிகிரிக்கு அருகில் குறைத்துப் பார்ப்பதும் உண்டு. குளிரும், காலைப் போர்த்திவிடுங்கள், ஹாட் பேக் வேண்டாம்.

கட்டிலில் குதிகால் மெத்தையில் படக் கூடாது. கெண்டைக்காலுக்கு நீளவாக்கில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் காற்றில் நிற்கும். குதிகாலுக்கு அடியிலேயே தலையணை வைப்பது பிரயோஜனமில்லை. வீட்டிலிருந்து ஒரு சின்னத் தலையணை கொண்டுபோங்கள்.

பாஸ்பரஸைக் குறைக்கத் தரும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து போட்டால் வீண். கோலா, பாக்கெட் தீனி, பதப்படுத்திய சீஸ், இறைச்சி வகைகளில் சேர்க்கும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுசாக உடம்பில் ஏறும். அதற்காகப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள், டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் பழைய பத்தியத்திலேயே இருப்பவர்கள் நிறைய. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், புண் இருந்தால் இன்னும் முக்கியம். முட்டை வெள்ளைக்கரு இதற்கு வசதி.

ஏழாம் படி: தினப்படி காவல்

வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும். கோவிலில் மத்தியான வெயிலில் சுடும் பிராகாரக் கல்லில் ஒரு சுற்று சுற்றிவந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வருவார்கள், வலிக்கவில்லை என்பார்கள். காலையிலேயே போகட்டும், சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும். கிரிவலம், பாதயாத்திரை, தீமிதி நேர்த்தி எதுவாக இருந்தாலும் குடும்பத்தில் வேறு யாராவது செய்யட்டும்.

செருப்புக்கு எம்.சி.ஆர் செருப்பு கேளுங்கள். இதற்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு உண்டு. வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்ச்சி போன கால்களைப் பார்த்து, வலி தெரியாததால் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே பாதத்தைக் கெடுக்கிறது என்று காட்டினார். அந்த வழியில் வந்த மெத்தென்ற ரப்பர்ச் செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதித் தருவது. பின்பட்டை இருக்க வேண்டும், விரலிடுக்கில் வார் வேண்டாம். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு கொடுங்கள்.

வீக்கத்துக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் வாங்கிப் போடச் சிலர் சொல்வார்கள். ரத்தக்குழாய் டெஸ்ட் எடுக்காமல் போடவே கூடாது, இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் அது நெரித்துவிடும்.

ஒத்தடம், வெந்நீரில் கால் ஊறவைப்பது, ஆணிக்கு பிளேடு, ஆணிக்குப் பிளாஸ்திரி, புண்ணில் மஞ்சள், காபித்தூள், எதுவும் வேண்டாம். தினமும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை ஒற்றித் துடைத்து, பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் தடவ வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

செலவும் அலைச்சலும்

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் எடுப்பவர்கள், அதே அட்டையில் காலுக்கான பலூன் சிகிச்சைக்கும் எந்த ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைக்கும் என்று காப்பீட்டு மேஜையில் கேட்டுவிடுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் ரத்தக்குழாய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது ஃபைலில் கடைசி மூன்று டயாலிசிஸ் சீட்டு, பாஸ்பரஸ், கால்சியம், பிடிஹெச், ஹீமோகுளோபின் ரிப்போர்ட், எக்கோ, எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பாதத்தின் படங்கள், எந்தக் கையில் ஃபிஸ்டுலா, சிறுநீர் எவ்வளவு போகிறது, டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, இவ்வளவும் இருக்கட்டும். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, காலையிலேயே போய்விடுங்கள், கழற்றி மாட்டச் சுலபமான செருப்போடு.